கப்பலை விட்டு இறங்கினால் ஆம்ஸ்டர்டாமே கதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஐரோப்பியக் கப்பல் பயணக் கட்டுரையைப் படித்தேன். நார்வே கடற்கரையையும் கப்பலின் சாப்பாட்டு வகைகளையும் ருசித்து எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்திதான் உறுத்தியது. கப்பலை விட்டு இறங்கியதும் ஆம்ஸ்டர்டாமை ஒரே பகலில் "முடித்துவிட்டு" இரவு விமானம் பிடித்துவிடலாமாம். தனியாக இருக்கும் பெண்கள் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்துகொள்வது நல்லதாம்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், அறுபதைத் தாண்டியவள். ராட்டர்டாமில் கிளம்பி நார்வே பார்த்துவிட்டு அங்கேயே திரும்பும் கப்பலில் அண்ணன் குடும்பத்தோடு போனேன். அவர்கள் விமானம் ஏறிய பிறகு நான் மட்டும் நெதர்லாந்தில் தங்கி ஊர் சுற்றிவிட்டு வந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை சொல்லாமல் விட்ட முதல் விஷயம் துறைமுகம். விளம்பரத்தில் "ஆம்ஸ்டர்டாம்" என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், கப்பல் உண்மையில் நிற்பது ராட்டர்டாமாகவோ கடலோரத்து ஐமெய்டனாகவோ இருக்கலாம். கூட்டம் தாங்காமல் ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சியே வரும் கடல் கப்பல்களின் எண்ணிக்கையை ஆண்டுக்கு 190இலிருந்து 100 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. ஆகவே பணம் கட்டும் முன் துறைமுகத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராட்டர்டாம் என்றால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் மேல்தளத்துக்கு வந்துவிட்டால், கப்பல் ஆற்றுக்குள் நுழையும்போது மாஸ்லாண்ட் தடுப்பைப் பார்க்கலாம். புயலில் கடல் பொங்கினால் ஆற்றையே அடைப்பதற்காக 1997இல் திறந்த இரண்டு ராட்சத இரும்புக் கதவுகள் அவை. ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம். அண்ணன் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எழுப்பியும் வரவில்லை. கப்பல் நிற்கும் வில்ஹெல்மினா துறையிலிருந்துதான் ஒரு காலத்தில் ஐரோப்பிய ஏழைகள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல் கம்பெனியின் பழைய தலைமை அலுவலகம் இப்போது ஹோட்டல். பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்கும் தூரத்திலேயே மெட்ரோ நிலையம். அது நேராக ராட்டர்டாம் மத்திய ரயில் நிலையத்துக்குக் கொண்டுவிடுகிறது.

அங்கிருந்து நான் ஆம்ஸ்டர்டாம் ரயிலில் ஏறவில்லை. யூட்ரெக்ட் போனேன்.

எங்களுக்கு ஏற்பாடு செய்த பயண முகவர் இதைக் கேட்டதும், "தனியாவா? கூட யாரும் இல்லையா மேடம்? யூட்ரெக்ட்ல என்ன இருக்கு?" என்றார். நாட்டின் ரயில் பாதைகள் வந்து கூடும் ஊர் அது. ஆம்ஸ்டர்டாம் அரை மணி நேரத்துக்குள். ஸ்கிபோல் விமான நிலையமும் ஏறக்குறைய அவ்வளவுதான், ரயில் விமான நிலையத்துக்கு அடியிலேயே நிற்கிறது. தி ஹேக், லைடன், ராட்டர்டாம் எல்லாம் முக்கால் மணிக்குள். ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகைக்கு மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி வேறு. தனி ஆளாக ஒரு முழு அறையின் வாடகையைச் சுமப்பவர்களுக்கு இது சின்னக் கணக்கு இல்லை. ஒரே ஊரில் பெட்டியை வைத்துவிட்டு, கைப்பையோடு தினமும் ஒரு பக்கம் போய்வருவதுதான் என் வயதுக்கும் முழங்காலுக்கும் ஒத்துவந்தது. ஒன்று மட்டும்: அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வீடுகளை மாற்றிய விடுதிகளில் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும்.

யூட்ரெக்டில் கால்வாய்கள் இரண்டு அடுக்கு. மேலே தெரு, மரங்கள், கடைகள். படியிறங்கினால் தண்ணீரை ஒட்டி இன்னொரு நடைபாதை. தெருவுக்கு அடியில் வரிசையாக நிலவறைகள். இடைக்கால வணிகர்கள் படகிலிருந்து சரக்கை நேராக வீட்டு நிலவறைக்குள் ஏற்றுவதற்காகக் கட்டிய அமைப்பு. இன்று பாதிக்கு மேல் காபிக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும்தான். மேலே சைக்கிள் மணியும் சத்தமுமாக இருக்க, கீழே உட்கார்ந்தால் வாத்துகள் மட்டும்தான்.

ஊர் நடுவே டோம் கோபுரம், 112 மீட்டர் உயரம். கோபுரம் தனியாக நிற்கிறது, தேவாலயம் தள்ளித் தனியாக இருக்கிறது, நடுவில் வெட்டவெளி. 1674இல் அடித்த புயலில் நடுக்கூடம் இடிந்து விழுந்தது, பிறகு கட்டவே இல்லை. மேலே ஏற 465 படி, வழிகாட்டியோடுதான் விடுவார்கள். நான் அந்தப் பேச்சுக்கே போகவில்லை. தேவாலயத்தை ஒட்டிய சின்ன மூலிகைத் தோட்டத்தில் உட்கார்ந்து, கால் மணிக்கொரு தரம் கோபுரத்து மணிகள் வாசிக்கும் மெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் "சீக்கிரம், பஸ் கிளம்புது" என்று சொல்லவில்லை. கப்பலில் வேளாவேளைக்கு அறிவிப்பு கேட்டே பழகியவளுக்கு அது பெரிய சுகம்.

ரயிலுக்கு டிக்கெட் வாங்க வேண்டாம். தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நுழையும்போது ஒரு தடவை, வெளியேறும்போது ஒரு தடவை கருவியில் காட்டினால் போதும். ரயில், மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அதே அட்டை. வெளியேறும்போது காட்ட மறந்தால் ரயிலுக்கு 20 யூரோ பிடித்துவிடுவார்கள். பெரிய நிலையங்களில் கதவு இருப்பதால் மறக்க முடியாது. சின்ன நிலையங்களில் வெறும் கம்பம்தான் நிற்கும், அங்கேதான் கவனம் தேவை. அப்புறம், அதே அட்டையைச் செல்பேசியில் ஏற்றி வைத்திருந்தால் அதையும் கையிலுள்ள அட்டையையும் மாற்றி மாற்றிக் காட்டக் கூடாது. கருவிக்கு அவை இரண்டும் வேறு வேறு ஆள். வங்கிக்காரியாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நம் வங்கிகள் தரும் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலில் மூடித்தான் இருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் அதையும், தொட்டுச் செலுத்தும் வசதியையும் நீங்களே திறக்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமுக்கும் ஒரு நாள் போனேன், போகாமல் என்ன? ஆனால் கட்டுரையில் சொன்னபடி "இறங்கியதும் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்குப் போகலாம்" என்பது நடக்காத காரியம். நாட்குறிப்பு எழுதிய அந்த யூதச் சிறுமி நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த வீடு அது. வாசலில் டிக்கெட்டே கிடையாது. செவ்வாய்க்கிழமைதோறும் அந்த ஊர் நேரம் காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்து வரும் தேதிகளுக்கான டிக்கெட்டை இணையத்தில் விடுவார்கள். கோடையில் நமக்கு அது மதியம் ஒன்றரை மணி. சாப்பாட்டை முடித்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஓவியர் வான் கோவின் அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்துதான் போக வேண்டும்.

லைடனுக்குப் போனதற்கு நம் ஊர்க் காரணம் உண்டு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய புத்த விகாரத்துக்கு, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தானே, அந்தச் செப்பேடுகள் நெடுங்காலம் இருந்தது லைடன் பல்கலைக்கழகத்தில்தான். 21 ஏடுகள், சோழ முத்திரை பதித்த வளையத்தில் கோத்தவை. சமஸ்கிருதம் கொஞ்சம், தமிழ் நிறைய. கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தினமும் காட்சிக்கு விடும் பொருளல்ல என்று தெரிந்துதான் போனேன். நூலகத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, கால்வாயோரமாக நடந்து, 1590இல் தொடங்கிய பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். துலிப் பூவை அந்த நாட்டில் பரப்பியதில் இந்தத் தோட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நான் போனது ஜூனில், துலிப் பருவமெல்லாம் முடிந்து போயிருந்தது. துலிப்புக்குப் பேர்போன கியூகென்ஹோஃப் தோட்டமும் மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். கோடைக் கப்பலில் போகிறவர்களுக்குத் துலிப் படம் காட்டி ஆசை மூட்டாதீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்காது என்ற பயமும் வேண்டாம். யூட்ரெக்ட் நிலையத்துக்குப் பின்புறம் லொம்போக் என்ற பகுதி. அங்கே துருக்கி, மொராக்கோ, சுரினாம் கடைகள் உண்டு. 1873 முதல் கல்கத்தாவிலிருந்து, தென் அமெரிக்காவில் அப்போது டச்சுக்காரர்கள் ஆண்ட சுரினாமுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்று நெதர்லாந்தில் இருக்கிறார்கள். அவர்கள் போடும் ரொட்டியோடு உருளைக்கிழங்குக் கறியும் நீளமான காராமணிக்காய்க் கறியும் வரும். சைவம் என்று சொன்னாலும் அவித்த முட்டை ஒன்று உட்கார்ந்திருக்கக்கூடும், முட்டை வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். இரவுக்குச் சூப்பர்மார்க்கெட் தயிர் போதும், ஒரு லிட்டர் அட்டைப்பெட்டியில் புளிக்காத தயிர்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. பெண்கள் தனியாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆபத்து என்றால் அந்தச் சைக்கிள்தான். சிவப்பாகத் தெரியும் பாதை அவர்களுடையது. படம் எடுக்கிறேன் என்று அதில் நின்றால் ஒருவரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். யூட்ரெக்ட் நிலையத்துக்கு அடியில் மட்டும் 12,500 சைக்கிள் நிறுத்த இடமிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் கூட்டத்தில் பையை முன்பக்கம் போட்டுக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

உண்மையான தலைவலி விசாதான். குழுவாக விண்ணப்பிக்கும்போது முகவர்கள் கப்பல் திரும்பும் தேதியோடு கணக்கை முடித்துவிடப் பார்ப்பார்கள். பிறகு தங்கப்போகும் விடுதியின் முன்பதிவும், நம் தேதிக்கான திரும்பும் டிக்கெட்டும், அதுவரைக்குமான காப்பீடும் நம் விண்ணப்பத்தில் தனியாக இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒட்டி வந்ததும் தேதியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று அதிலேயே தனி எண் இருக்கும், அதுதான் முக்கியம். கப்பல் நடுவில் பிரிட்டனைத் தொடுமானால் அந்நாட்டு விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். பிரிட்டன் ஷெங்கனில் இல்லாததால், ஷெங்கனுக்கும் பலமுறை நுழையும் விசா கேட்டு வாங்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனிக் கப்பல் பயணக் கட்டுரை போடும்போது "ஒருவருக்கு இவ்வளவு" என்று ஒரே ஒரு விலையைப் போடாதீர்கள். அது இரண்டு பேர் ஒரே அறையில் தங்கினால் ஆகும் விலை. தனியாகப் போகிறவரிடம் பெரும்பாலும் அறைக்கே கூடுதலாக, சில நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாக, வாங்குகிறார்கள். நான் அண்ணியோடு அறையைப் பகிர்ந்துகொண்டதால் தப்பித்தேன். கூட யாரும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தனி ஆளுக்கான தொகையையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
ஸ்ரீரங்கம்.