முப்பது கணினிக்கு முப்பது முறை ஓஎஸ் போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளைத் தூக்கி எறியாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை (ஓஎஸ்) போடுங்கள் என்று பலரும் சொல்லிவருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பள்ளி ஆய்வகத்திலோ டிடிபி கடையிலோ ஓஎஸ் போடுவது அரைமணி நேர வேலை. அதன் பிறகுதான் தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள், பிரிண்டர் டிரைவர், லிப்ரே ஆஃபிஸ் தமிழ்ப் பொதி என்று அரைநாள் கரைகிறது. இதை ஒவ்வொரு கணினியிலும் கையால் செய்கிறார்கள். மூன்று மாதம் கழித்து ஒன்று பழுதானால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரே கணினியைப் பழுதறச் சீரமைத்து அதை இமேஜாக, அதாவது மொத்த அமைப்பின் நகலாக, எடுத்துவைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை.

இதற்கு இரண்டு வழிகள். கணினிகள் வெவ்வேறு மாடலாக இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பையே பென் டிரைவில் எழுதிக் கணினியைத் துவக்கக்கூடிய (பூட் ஆகும்) ஐஎஸ்ஓ கோப்பாக மாற்றுவது மேல். டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட எம்எக்ஸ் லினக்ஸில் இதற்கான ‘எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட்’ கருவி கூடவே வருகிறது. எல்லாம் ஒரே மாடல் என்றால் ‘குளோனசில்லா’ என்ற மென்பொருளைக் கொண்டு வட்டை அப்படியே நகலெடுக்கலாம்.

ஸ்னாப்ஷாட்டில் இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று பயனர் கணக்குகளை வைத்துக்கொள்வது. அது சொந்தப் பேக்கப்புக்கு. மற்றது கணக்குகளை நீக்கிவிட்டு ‘டெமோ’ என்ற புதுப் பயனரோடு தருவது. பிறருக்குக் கொடுக்க இதுதான் சரி. பலர் சறுக்குவது இந்த இரண்டாவதில்தான். பயனரின் ஹோம் ஃபோல்டரில் (அவருடைய சொந்தக் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் இடம்) செய்த அமைப்பு எதுவும் ஐஎஸ்ஓவுக்குள் போகாது. எழுத்துருவை வலச்சொடுக்கி நிறுவினால் அது பெரும்பாலும் அந்தப் பயனரின் மறைவு ஃபோல்டரில்தான் உட்காரும். அதை ‘யூஎஸ்ஆர்’ ஃபோல்டருக்குள் ‘லோக்கல்’, ‘ஷேர்’, ‘ஃபான்ட்ஸ்’ என்ற வரிசையில் உள்ள பொது இடத்துக்கு மாற்ற வேண்டும். விசைப்பலகை, பேனல், மெனு போன்ற தனிப்பட்ட அமைப்புகளை ‘ஈடிசி’யின் கீழ் உள்ள ‘ஸ்கெல்’ ஃபோல்டரில் நகலெடுத்து வைக்க வேண்டும். புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு பயனருக்கும் அங்கிருந்துதான் சீர்வரிசை போகிறது. பிரவுசர் ஃபோல்டரை மட்டும் அங்கே வைத்துவிடாதீர்கள். சேமித்த கடவுச்சொற்களை முப்பது பேருக்கும் பந்தி பரிமாறியதாகிவிடும். நகலெடுத்த அமைப்புக் கோப்புகளில் பழைய பயனர் பெயரோடு முழு ஃபோல்டர் பாதை எங்காவது எழுதியிருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். இருந்தால் புதுப் பயனருக்கு வால்பேப்பர் வராது, பேனல் ஐகான் வேலை செய்யாது.

இமேஜ் எடுக்கும் முன் ஒரு சோதனை: புதுப் பயனர் ஒருவரை உருவாக்கி, அந்தக் கணக்கில் நுழைந்து, தமிழ்99-இல் ‘ம’ விசையை இருமுறை தட்டுங்கள். ‘ம்ம’ என்று புள்ளி தானாக விழ வேண்டும். ‘மம’ என்று வந்தால் இருப்பது லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபியின் தமிழ்நெட்99; எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பு வழியாக வரும் தமிழ்99 அல்ல. விசைகள் ஒரே இடத்தில் இருப்பதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தட்டச்சு செய்பவருக்கு மட்டும் பைத்தியம் பிடிக்கும். இந்தக் கணக்கில் சரியாக வராதது ஐஎஸ்ஓவிலும் சரியாக வராது.

காசு கொடுத்து வாங்கிய தமிழ் எழுத்துருக்களைப் பிறருக்குக் கொடுக்கும் ஐஎஸ்ஓவில் சேர்க்கக் கூடாது. உரிமம் அதற்கு இடம் தராது. இன்னொன்று, ஐஎஸ்ஓ 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் அந்தக் கோப்பை வைக்க முடியாது. எம்எக்ஸிலேயே உள்ள ‘லைவ் யூஎஸ்பி மேக்கர்’ கருவியாலோ விண்டோஸில் ஓடும் ரூஃபஸ் கருவியின் ‘டிடி’ (அப்படியே எழுதும்) முறையிலோ எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

இனி குளோனசில்லா. இது தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணினி மையத்தில் உருவான இலவச மென்பொருள். அறிந்த கோப்பு அமைப்பு என்றால் பயன்பாட்டில் உள்ள பகுதியை மட்டுமே படிக்கும். 500 ஜிபி வட்டில் 30 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால், சுருக்கிய இமேஜ் அதைவிடவும் குறைவாகவே இருக்கும். ஆனால் திருப்பிப் போடும்போது கணக்கே வேறு. 256 ஜிபி வட்டில் எடுத்ததை, 30 ஜிபிதானே என்று 240 ஜிபி வட்டில் போட முயன்றால் மறுத்துவிடும். அது பார்ப்பது பார்ட்டிஷனின் (வட்டைப் பிரித்த பகுதியின்) எல்லையை, உள்ளிருக்கும் கோப்பின் அளவை அல்ல. ஆகவே மூலக் கணினியை இருப்பதிலேயே சிறிய வட்டில் அமைப்பது புத்திசாலித்தனம். பெரிய வட்டில் போடும்போது நிபுணர் முறையில் ‘கே1’ தேர்வைக் கொடுத்தால் பார்ட்டிஷன்கள் விகிதப்படி விரியும்.

வட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்று லினக்ஸ் வட்டுகளுக்கு வைக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். யூஎஸ்பி செருகியிருந்தால் அந்த வரிசை மாறலாம். அளவையும் மாடல் எண்ணையும் பார்த்தே ‘ஒய்’ தட்டுங்கள். நகலெடுக்கும் திசை மாறிப்போனால் மூலமே அழிந்துவிடும்.

டெபியன், உபுண்டு போன்றவற்றை இப்படி நகலெடுத்தால் அடையாளங்களும் சேர்ந்து நகலாகும். இமேஜ் எடுக்கும் முன் கணினியின் அடையாள எண் உள்ள ‘மெஷின் ஐடி’ கோப்பை அழிக்காமல், உள்ளே இருப்பதை மட்டும் காலியாக்குங்கள். அடுத்த முறை பூட் ஆகும்போது புது எண் தானே எழுதப்படும். இதைச் செய்யாவிட்டால் சில அமைப்புகளில் இரண்டு கணினிகள் ஒரே ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு நெட் விட்டுவிட்டு வரும். ஆட்கள் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருப்பார்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வைத்திருந்தால் அதன் சாவிகளையும் நீக்கிவிட்டு ஒவ்வொரு கணினியிலும் புதிதாக உருவாக்க வேண்டும். கணினிப் பெயரும் அப்படித்தான்.

விண்டோஸை இமேஜ் எடுப்பவர்களுக்கு: ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கினால் ஷட்டவுன் செய்தாலும் சி டிரைவ் முழுதாக மூடப்படுவதில்லை, நகலெடுப்பது பிழையில் நிற்கும். வட்டைப் பூட்டும் (என்க்ரிப்ட் செய்யும்) பிட்லாக்கர் இருந்தால் காலி இடமும் சேர்ந்து முழுப் பார்ட்டிஷனும் அப்படியே நகலாகி இமேஜ் பூதாகரமாகும். இரண்டையும் அணைத்துவிட்டு, விண்டோஸின் ‘சிஸ்பிரெப்’ கருவியை, அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கிப் பொதுமையாக்கும் தேர்வோடு ஓட்டிய பிறகே எடுக்க வேண்டும். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் இப்படிப் பல கணினிகளில் போட அனுமதிப்பதில்லை. அதற்குப் பல கணினிகளுக்குச் சேர்த்து வாங்கும் வால்யூம் உரிமம் தேவை.

இமேஜ் எடுத்து முடிந்ததும் அதைச் சரிபார்க்கவா என்று குளோனசில்லா முன்கூட்டியே கேட்கும். சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இமேஜைப் படிக்க முடிகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. பூட் ஆகுமா என்பது உபரி வட்டு ஒன்றில் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்த வட்டில் பிரிண்ட் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, இமேஜ் ஃபோல்டருக்குத் தேதியும் மாடலும் சேர்த்துப் பெயர் வையுங்கள். ஸ்னாப்ஷாட் ஐஎஸ்ஓவாக இருந்தால், வட்டில் நிறுவாமல் லைவாக ஓடும்போது ‘டெமோ’ பயனரின் கடவுச்சொல்லும் ‘டெமோ’தான், நிர்வாகி கணக்கான ரூட்டின் கடவுச்சொல்லும் ‘ரூட்’தான். எனவே ஆய்வகக் கணினிகளை பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டிக்கொண்டே இருக்காமல் வட்டில் நிறுவி, அப்போதே புதுக் கடவுச்சொற்களைக் கொடுத்துவிடுங்கள்.

– கணினிப் பராமரிப்பாளர், திண்டுக்கல்