எல்லாமே கீமோ அல்ல

ஆசிரியருக்கு,

புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்பு அணுக்களைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை) பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2018ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஆய்வுகளிலிருந்து பிறந்த மருந்துகள், கீமோவைப் போல முடி கொட்டுவதில்லை என்றெல்லாம் எழுதியது சரி. ஆனால் பக்கவிளைவுகளை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நோயெதிர்ப்பு அணுக்களைக் கட்டிவைத்திருக்கும் பிரேக்கை இந்த மருந்துகள் விடுவிக்கின்றன. விடுபட்ட அணுக்கள் சில சமயம் குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு என்று நம் உறுப்புகள் மீதே பாயும். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்தும் இது வரலாம்.

என் அண்ணனுக்கு இந்த மருந்தின் நான்காவது டோஸுக்குப் பிறகு நாளுக்கு ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவுகட்டி, கைக்குக் கிடைத்த மாத்திரையோடு நான்கு நாள் ஓட்டினோம். அவசரப் பிரிவில் கேட்டபோதும் 'கீமோ நடக்கிறது' என்றுதான் சொன்னோம் (எங்களுக்கு எல்லாமே கீமோதான்!). பழைய சீட்டில் மருந்தின் பெயரைப் பார்த்த பிறகே அது மருந்தால் வந்த குடல் அழற்சி என்று மருத்துவருக்குப் பிடிபட்டது. ஸ்டீராய்டு கொடுத்ததும் அடங்கியது. அப்புறம் அதைப் படிப்படியாகக் குறைக்கவே ஆறு வாரம் ஆயிற்று. முதல் டோஸ் அன்றே மருந்தின் பெயர், உடனே சொல்ல வேண்டிய அறிகுறிகள், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் ஆகியவை அச்சிட்ட சிறு அட்டையை ஒவ்வொரு நோயாளிக்கும் கொடுப்பதை மருத்துவமனைகள் கட்டாயமாக்க வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகும் அந்த அட்டை சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்