திண்ணையை விழுங்கும் தார்ச்சாலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியில் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரெஞ்சுப் பெயர்ப் பலகை என்று படங்கள் எல்லாம் ஊரைப் பிரெஞ்சுப் பகுதி, தமிழர் பகுதி என்று பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில் எடுத்தவை. நானும் வீட்டாரோடு அப்படி ஒரு நடைக்குப் போய் வந்தவன் என்பதால் சொல்கிறேன், வாய்க்காலைத் தாண்டி மேற்கே போன பிறகுதான் விஷயமே இருக்கிறது. கிழக்கே உயரமான மதிலும் பெரிய கேட்டும்தான் தெரியும், வீடு உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். தமிழர் பகுதியில் வீடு தெருவைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. முதலில் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், வெயிலிலும் மழையிலும் தெருவில் போகிறவர் யாரும் ஒதுங்கலாம். அடுத்து திண்ணை, அப்புறம்தான் கதவு, முற்றம் எல்லாம்.

கல்வே சுப்பராய செட்டி வீதி என்கிற வைசியாள் வீதியில் அந்த வரிசையை இன்றும் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அங்கே வீடுகளின் முகப்பைச் சீர்செய்தது, 2008-இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இன்னொரு ரகம். 1738 வாக்கில் கட்டியது, கீழே செதுக்கிய மரத்தூண்களோடு நம் ஊர் வீடு, மாடியில் வெள்ளைப் பூச்சுத் தூண்களோடு பிரெஞ்சுக்காரர் வீடு! கட்டுரையில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு வருத்தம்.

சரி, நம் வேலூர்ப் பக்கத்துக்கு வருகிறேன். வேலூர் என்றால் எல்லாரும் கோட்டைக்குத்தான் போகிறார்கள், திப்பு மகாலையும் ஐதர் மகாலையும் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. கொசப்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் பாக்கி நிற்கும் திண்ணை வீடுகளை யார் பார்ப்பது? வாலாஜாபேட்டை 1866-இலேயே நகராட்சியான ஊர், அங்கேயும் பழைய தெருக்களில் திண்ணையும் முற்றமும் வைத்த வீடுகள் இருக்கின்றன. தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகினால், பழுது பார்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. பாகப்பிரிவினை வந்தால் இடித்துவிட்டுக் கடை கட்டுகிறார்கள். அதற்காக வீட்டுக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், செலவு அவருடையது.

ஆனால் யாரும் இடிக்காமலேயே போய்க்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி ஒவ்வொரு தடவையும் தெரு உயர்கிறது. எங்கள் தெருவில் படியேறிப் போக வேண்டிய திண்ணைகள் இப்போது தெருவோடு தெருவாகக் கிடக்கின்றன, சில வீடுகளுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் நேராக முற்றத்துக்கு வருகிறது. சுண்ணாம்புச் சுவர் அடியில் ஈரத்தைக் குடிக்கிறது, அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறிப் பூச்சு பெயர்ந்து விழுகிறது. அப்புறம் "வீடு பழசாயிடுச்சு, இடிச்சுடலாம்" என்கிறோம்.

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். பெரிய சாலைகளில் அப்படிச் சுரண்டும் மில்லிங் இயந்திரத்தைப் பார்க்கிறோம், சந்துகளுக்குள் அது வருவதே இல்லை. இயந்திரம் நுழையாத தெருவில் என்ன செய்வார்கள், ஒப்பந்தத்தில் அதற்குத் தனியாகத் தொகை இருக்கிறதா என்று உங்கள் வேலூர் நிருபர் அதிகாரிகளிடம் கேட்டு எழுத வேண்டும்.

இங்கேயும் நடைப்பயணம் நடத்த ஆளுக்குப் பஞ்சமில்லை. ஊரிசு கல்லூரி, முத்துரங்கம் கல்லூரி மாணவர்களில் ஆர்வமுள்ளவர்களைச் சேர்த்து, வீட்டுக்காரர் சம்மதம் கேட்டு, ஞாயிறு காலையில் ஆரம்பிக்கலாம். சாலை போடும் வேலை அதற்கு முன்னால் வந்துவிட்டால் காட்டுவதற்குத் திண்ணை இருக்காது, ஆகவே முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொசப்பேட்டை, வேலூர்.