இருமல் வந்தா நல்ல எண்ணெயாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வன்னிக்கு வாற ஆக்களுக்குக் காட்ட குளமும் காடும் தவிர என்ன இருக்கு எண்டு உங்கட பேப்பரில பண்ணைச் சுற்றுலாவைப் பற்றி எழுதேக்க கேட்டிருந்தியள். எனக்கு அதில எங்கட நல்லெண்ணெயைப் பற்றிச் சொல்ல ஒரு விசயம் இருக்கு, கொஞ்சம் நீளும், குறை நினைக்காதேங்கோ.

மகள் குடும்பம் இத்தாலியில, சிசிலித் தீவில, பலெர்மோவில இருக்கினம். அங்க எங்கட சனம் கனக்க, சைவக்காரரும் அந்த ஊர்க் கத்தோலிக்கரின்ர புனித ரொசாலியாவின்ர மலைக்கு நேத்தி வச்சு ஏறுவினம். போன ஐப்பசியில நான் அங்க நிக்கேக்க மருமோனோட வேலை செய்யிற ஒருத்தர் தங்கட குடும்ப ஒலிவ் தோட்டத்துக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார், கஸ்தெல்வெத்ரானோ பக்கம், பெலிச்சே பள்ளத்தாக்கு எண்டு சொல்லுறது. போற வழியில ஒரு பழைய ஊர் இடிஞ்சு கிடந்தது, 1968 தை மாசம் பூமி நடுங்கி அந்தப் பக்கத்து ஊரெல்லாம் அழிஞ்சு சனம் வருசக்கணக்கா கொட்டிலுகளில இருந்ததாம், மருமோன் மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு விளங்கப்படுத்தத் தேவையே இருக்கேல்ல, நாங்களும் 2009ஐக் கண்ட ஆக்கள் தானே.

தோட்டம் எண்டா பெரிய கம்பனித் தோட்டமில்லை, அம்மம்மா, ரெண்டு மகன்மார், மருமக்கள், அவ்வளவு தான். நாங்கள் எள்ளு உதறப் படங்கு விரிக்கிற மாதிரி மரத்துக்குக் கீழ வலை விரிச்சிருந்தினம், மேல கையாலயும் சீப்பு மாதிரி ஒரு கருவியாலயும் காயைக் கோதி விழுத்தினம். நொச்செல்லாரா தெல் பெலிச்சே எண்டு அந்த ஊர்க் காய், நல்ல பருத்தது, ஊறப்போட்டும் தின்னலாம், எண்ணெயும் எடுக்கலாம். பிடுங்கின காய் அண்டைக்கே மில்லுக்குப் போக வேணுமாம், ஒரு நாளுக்கு மேல கூடைக்குள்ள கிடந்தா உள்ளுக்க புளிச்சு எண்ணெய் நாறும் எண்டு சொல்லிச்சினம். அரைக்கேக்க 27 பாகைக்கு மேல சூடு ஏறினா குளிராப் பிழிஞ்சது எண்டு லேபிளில போட ஏலாது. நூறு கிலோ காய்க்கு 12, 15 லீற்றர் வந்தாலே பெரிய காரியமாம்.

பேந்து தான் ருசி பாக்கிறது. நான் நினைச்சன் பாணைத் தொட்டுத் தருவினம் எண்டு. பாணே தரேல்ல! சின்ன நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில கொஞ்சம் ஊத்தி, ஒரு கையால மூடி மற்றக் கையால அடியைப் பிடிச்சு உள்ளங்கைச் சூட்டில வெதுவெதுப்பாக்கச் சொன்னவை. நீலம் ஏனெண்டா எண்ணெயின்ர நிறம் தெரியக்கூடாதாம், பச்சையா இருந்தா நல்லதெண்டு கண் ஏமாத்திப் போடும், நிறத்துக்கும் தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். முதல்ல மணந்து பாக்கிறது, புல்லு வெட்டின மணம், பச்சைத் தக்காளி இலை மணம். பேந்து ஒரு சொட்டு நாக்கில விட்டு பல்லிடுக்கால காத்தை உறிஞ்சோணும், சத்தம் போட்டு. நான் உறிஞ்சினன், தொண்டையில பிடிச்சுதே ஒரு காறல், இருமி இருமிக் கண்ணால தண்ணி, அம்மம்மா கை தட்டிச் சிரிச்சா, இருமல் வந்தா எண்ணெய் நல்லமாம். கசப்பும் அந்தக் காறலும் குறையில்லை, அதுகளைத் தேடித் தான் ருசி பாக்கிறவை. அந்தக் காறலைக் குடுக்கிறது ஒலியோகந்தால் எண்ட ஒரு பொருள், இபுபுரோபன் எண்ட நோக் குளிசை தொண்டையில கடிக்கிற மாதிரியே கடிக்குது எண்டு ஒரு அமெரிக்க விஞ்ஞானி சிசிலியில எண்ணெய் ருசி பாக்கேக்க தான் பிடிச்சவராம், 2005இல நேச்சர் சஞ்சிகையில வந்தது. மகள் போனில எடுத்துக் காட்டினவள்.

ஆனா எனக்கு மனசில நிண்டது கடைசிக் கிண்ணம். அது பழுதான எண்ணெய், வேணுமெண்டே வச்சிருந்தவை. வெயில்ல வச்சுக் கெட்டது, பழைய மெழுகு மணம். "இதையும் தெரிஞ்சு வச்சிருந்தாத் தான் கடையில உங்களை ஏமாத்தேலாது" எண்டு மூத்த மகன் சொன்னார். தன்ர சாமானை விக்கிறவன் கூடாததையும் காட்டி விக்கிறதை நான் எங்கயும் கண்டதில்லை ஐயா. எக்ஸ்ட்ரா வேர்ஜின், அதாவது முதல் தரம் எண்டு போடுறதுக்கு எண்ணெயில பிரிஞ்சு நிக்கிற கொழுப்பு அமிலம் 0.8 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, அதை லாப்பில தான் அளக்கலாம், நாக்குக்குத் தெரியாது, ஆனா பழகின குழு ஒண்டு ருசி பாத்து ஒரு குறையும் இல்லையெண்டு சொன்னாத் தான் அந்தப் பேர். சட்டத்திலயே நாக்குக்கு ஒரு இடம் வச்சிருக்கினம்.

இங்க வந்து சொல்ல, எங்கட ஊர் ஆக்கள் உடன கேட்டது என்ன தெரியுமோ, அப்ப நாங்களும் ஒலிவ் நடுவமோ எண்டு. நடலாம், மரம் நிக்கும், காய்க்காது. அதுக்குப் பூக்க குளிர்காலக் குளிர் வேணும், எங்கட வெக்கைக்கு அது சரிவராது. விடுங்கோ அதை. எங்களிட்ட எள்ளு இருக்கு.

பெரும்போக நெல்லு வெட்டி முடிய மேட்டுக் காணியில எள்ளு விதைக்கிறது எங்கட பக்கம் புதிசே? கீழ்க்காய் மஞ்சளாக வெட்டிக் கட்டி நிமித்திக் காயவிட்டு உதறி எடுத்தா, விதையில பாதிக்குப் பாதி எண்ணெய். இவ்வளவு இருந்தும் மூட்டையா லொறியில ஏத்திப் போட்டு, பேந்து கடையில போத்தில் வாங்குறம், அது எந்த ஊர் எள்ளு, எப்ப ஆட்டினது, உள்ளுக்க வேற என்ன எண்ணெய் கலந்திருக்கு, ஒண்டும் தெரியாது. ஒலிவ் ஈரக் காய், அண்டைக்கே ஆட்டோணும், அதால மில்லும் தோட்டத்துக்குக் கிட்ட இருக்கு, எண்ணெயில ஊர்ப் பேரும் இருக்கு. எள்ளு காய்ஞ்ச விதை, மாசக்கணக்கில கிடக்கும், அதாலயே வியாபாரி கொண்டு போறதும் லேசு, ஊர்ப் பேர் துலைஞ்சு போறதும் லேசு. இது என்ர கணக்கு, விவசாயம் படிச்ச ஆக்கள் பிழையெண்டா சொல்லட்டும்.

நாக்கு எங்களுக்கும் இருக்கு தானே. பெரியபிள்ளையான பொம்பிளைப் பிள்ளைக்கு பச்சை முட்டையோட நல்லெண்ணெய் பருக்கிறம், உழுத்தங்களிக்கு ஊத்திறம், அப்ப எது நல்ல எண்ணெய் எண்டு எங்கட கிழவியளுக்குத் தெரியாதோ? வறுத்து ஆட்டினது, பச்சையா ஆட்டினது, போன வருசத்தது, கடைப் போத்தில், நாலையும் நாலு கிண்ணத்தில வச்சு வாறவைக்குக் குடுங்கோ, பக்கத்தில செக்கு ஓடட்டும், எள்ளுருண்டையும் பிளேன்ரீயும் வையுங்கோ. போத்திலில ஊரும் ஆட்டின திகதியும் எழுதுங்கோ. வெளிநாட்டில இருந்து வாற எங்கட பிள்ளையளே காசு குடுத்து வாங்குவினம், நான் எழுதித் தாறன்.

ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் செக்கு வச்சிருக்கிற ஆராவது இதுக்குச் சம்மதமெண்டா உங்கட பேப்பருக்கு எழுதட்டும். எள்ளு நான் தருவன், ஆடிக்குள்ள உதறி முடிஞ்சிடும். அந்தப் பழுதான கிண்ணத்துக்கும் எண்ணெய் தேட வேண்டியதில்லை, எங்கட ஊர்க் கடையிலயே கிடக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒட்டுசுட்டான்