ஆஸ்திரேலியா டார்வின்லேருந்து உம்மாவுக்கு, கடப்பாசி சமாச்சாரம்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம், வாப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? போன்ல சொல்லலாம்னா பாதியிலயே சாப்டியா தூங்குனியான்னு ஆரம்பிச்சிடுவீங்க, அதான் டைப் பண்றேன், தங்கச்சிய வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.

அங்க இப்ப கீழக்கரைல மழை ஆரம்பிச்சிருக்கும்ல. இங்க மழை வர்ற மாதிரியே கறுத்துக்கிட்டு வரும், ஆனா வராது, 34 டிகிரி, குளிச்சிட்டு துவட்டுறதுக்குள்ள வேர்த்துடும். இந்தப் புழுக்கத்துல மனுசனுக்கு கிறுக்குப் பிடிக்கும்னு இந்த ஊர்ல 'மேங்கோ மேட்னஸ்'னே ஒரு பேரு வச்சிருக்காங்க, ஏன்னா மாம்பழ சீசனும் இப்பதான். கென்சிங்டன் ப்ரைட்னு ஒரு மாம்பழம், எல்லாரும் சுருக்கமா கேபிங்கிறாங்க, தோள்பக்கம் மட்டும் செவப்பு பூசுன மாதிரி இருக்கும், வாசம்னா அப்படி ஒரு வாசம். ஞாயித்துக்கெழம ராபிட் க்ரீக் மார்க்கெட் போனா பப்பாளி, பலா, ரம்புட்டான், முள்ளு சீத்தா எல்லாம் கெடைக்குது, விக்கிறவங்கள்ல பாதிப் பேரு வியட்நாம், தாய்லாந்து ஆளுங்க. மீன் மட்டும் நம்ம ஊரு மாதிரி வராது, அத விடுங்க.

விஷயத்துக்கு வர்றேன். பேரன் கிளாஸ்ல ஒரு பார்ட்டி, ஆளுக்கு ஒண்ணு கொண்டு போகணும். இங்க புள்ளைங்க பார்ட்டின்னா கப்புல பச்சை ஜெல்லி ஊத்தி மேல ஒரு சாக்லேட் தவளைய உக்கார வச்சிருப்பாங்க, குளத்துல தவளையாம்! நான் கொஞ்சம் கெத்தா நிஜப் பழத்துல பண்றேன்னு சொல்லிட்டேன். ஜெல்லிய இறுக வைக்கிற ஜெலட்டின், அதுலயும் ஹலால் முத்திரை போட்டதாத் தேடிப் புடிச்சு வாங்கி, பச்சத் தண்ணில அஞ்சு நிமிஷம் ஊற வச்சு, சூடு பண்ணிக் கரைச்சு, புது அன்னாசிய அரைச்சு ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சேன். விடிஞ்சு பாத்தா தண்ணி. இன்னொரு பாக்கெட் போட்டேன், அதுவும் தண்ணி. மச்சான் ஜூஸுன்னு நெனச்சு குடிச்சிட்டுப் போயிட்டாரு!

பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ் அக்காதான் சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க, வேக வைக்காத அன்னாசில ஒரு என்சைம் இருக்கு, அது ஜெலட்டினத் தின்னுடும், பப்பாளியும் அப்படித்தான், ஒரு கொதி விட்டுட்டுப் போடணும் இல்லாட்டி டின்ல வர்றதப் போடணும்னு. நெனச்சுப் பாருங்க, கறி வேகுறதுக்கு நீங்க பப்பாளிக்காய் போடுவீங்கல்ல, அதே கத! ஜெலட்டினும் மாட்டு எலும்பு தோல்லேருந்து வர்றதுதானே, கறிய மெதுவாக்குறது இத விடுமா.

சரின்னு கொதிக்க வச்சுப் பண்ணேன், அழகா இறுகுச்சு, தட்டோட கார்ல வச்சுக் கொண்டு போயி வெளிய மேசைல வச்சா அரை மணி நேரத்துல ஓரமெல்லாம் வழியுது. ஜெலட்டின் வாய்க்குள்ள போனாலே கரையிற சாமான், இந்த ஊரு வெயிலுக்கு எங்க நிக்கும்.

அப்பதான் கடல் பாசிய வச்சு நீங்க இறுக வைக்கிற கடப்பாசி ஞாபகம் வந்துச்சு. நோம்பு தொறக்கையில நீங்க பால் கடப்பாசி வெட்டி வைக்க, எனக்கு இது வேணாம் கடை ஜெல்லிதான் வேணும்னு நான் மொகத்தத் திருப்புனதும் ஞாபகம் வந்துச்சு. இங்க ஏசியன் கடைல அதே கடப்பாசி, அகர் அகர்னு தாய்லாந்து பவுடரா, டெலிபோன் படம் போட்ட 25 கிராம் பாக்கெட்ல கெடைக்குது. பிலிப்பைன்ஸ் அக்காவுக்கும் தெரியும், அவங்க பாஷைல குலமானாம். பாக்கெட்டக் கைல எடுத்தா சின்ன ஏர்வாடி பக்கம் விரல்ல துணியச் சுத்திக்கிட்டு கடல்ல முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்துட்டு வர்றவங்கதான் கண்ணுக்குள்ள வந்தாங்க. அந்தப் பாசி நம்ம மதுரைக்குப் போயித்தானே கடப்பாசியாகும், நான் டார்வின்ல தாய்லாந்துப் பாசிய வாங்கிட்டு நிக்கிறேன்.

அரை லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன் பவுடர், கிண்டிக்கிட்டே ரெண்டு நிமிஷம் நல்லாக் கொதிக்கணும், எலுமிச்ச பிழியிறதுன்னா எறக்குன பெறகுதான், இல்லாட்டி இறுகாது. மொத தடவ ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த மாம்பழக் கூழ அப்படியே கொட்டிட்டேன், உடனே திரிதிரியா ஆயிடுச்சு, அதனால கூழயும் வெதுவெதுன்னு சூடு பண்ணிக்கிட்டேன். கீழ தேங்காப்பால், மேல மாம்பழம். கீழ உள்ளது முழுசா இறுகிட்டா ரெண்டும் ஒட்டாது, வெட்டுறப்ப வழுக்கிட்டுப் போயிடும், மேல லேசா ஆடை கட்டுனதுமே அடுத்தத ஊத்திடணும். இத நீங்க ஒருநாளும் சொல்லித் தரலயே உம்மா, இல்ல சொல்லும்போது நான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேனா தெரியல.

அடுத்த பார்ட்டிக்குக் கொண்டு போனேன், வெயில்ல கல்லு மாதிரி நின்னுச்சு. ஒரு பையன் மட்டும் ஆடவே இல்லையே இது ஜெல்லியான்னு கேட்டான். மீதி எல்லாம் காலி.

ரமலான் வரையில மாம்பழம் இருக்காது, அதனால கூழ் அரைச்சு டப்பா டப்பாவா ஃப்ரீசர்ல போட்டு வச்சிருக்கேன், மச்சானுக்கு ஐஸ் வைக்க எடம் இல்லன்னு கோவம். ஒண்ணு மட்டும் கேக்கணும். பால் கடப்பாசில நீங்க போடுற பாதாம் மேலயும் நடுவுலயும் நிக்கும்ல, நான் போட்டா எல்லாம் அடில போயி உக்காந்துக்குது. எப்பப் போடுவீங்க, ஊத்துன உடனேயா, கொஞ்சம் ஆறுன பெறகா? தங்கச்சிகிட்ட சொல்லி மெசேஜ் போடச் சொல்லுங்க.

உங்க மக