அக்கா கேட்ட பாட்டு லிஸ்ட்

லைப்சிக், ஜெர்மனி,
15 டிசம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நீ, அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலமா? பார்சல் வந்துவிட்டது. மோர் மிளகாய் ஒன்றுகூட உடையவில்லை. வடாம்தான் பாதி தூள். அதையும் விடவில்லை, வறுத்துத் தயிர் சாதத்தில் கொட்டிச் சாப்பிட்டாச்சு. நடுவில் செருகியிருந்த உன் கடிதத்தை அப்புறம்தான் பார்த்தேன். "மார்கழி பிறக்கப்போகிறது, லிஸ்ட் எங்கேடா?" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி, மற்றதெல்லாம் பொடி எழுத்தில் வீட்டுக் கதை. சரி, இந்த வருஷம் எனக்குப் பிடித்த பாட்டுகளை எழுத இன்று உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தமே கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடக் கூடாது. மாரியம்மன் திருவிழா என்றால் குழாய் கட்டி ஊரையே அதிர வைத்த ரேடியோ செட்காரர் பிள்ளைக்கு வந்த நிலைமையைப் பார். பாட்டெல்லாம் காதில் மாட்டிக்கொண்டுதான். நடுநடுவே ஒரு பெண்மணி ஜெர்மனில் மெத்தை விற்கிறாள். போன வருஷம் காசு கட்டியிருந்தேன், விளம்பரம் வராது. இந்த வருஷம் நிறுத்திவிட்டேன், விளம்பரம் கேட்டால் பாஷை பழகுமாம். வேலைக்கும் நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லது. ஹீட்டரையும் குறைத்துத்தான் வைக்கிறேன், அந்தச் சூடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அம்மாவிடம் ஸ்வெட்டர் போதும் என்று சொல்.

லிஸ்டுக்கு அப்பா வைத்த சட்டம்தான்: அந்த வருஷத்துப் பாட்டு மட்டும். அதனால் 'கண்மணி அன்போடு' வராது. 'மஞ்சும்மல் பாய்ஸ்' புண்ணியத்தில் இங்குள்ள மலையாளப் பையன்கள்கூட அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். ஆனாலும் 'குணா' 1991, அது சேராது. 'அமரன்' படத்து 'ஹே மின்னலே' உனக்குப் பிடித்திருக்கும், எனக்கும் பிடித்தது, அதில் சண்டை இல்லை. அதில் ஹரிசரணோடு அப்படி உருகிய ஸ்வேதா மோகன்தான் 'ராயன்' படத்தில் 'வாட்டர் பாக்கெட்' பாடியவர் என்றால் யார் நம்புவார்கள்? கூடப் பாடியது சந்தோஷ் நாராயணன். ரஹ்மான் இசையில் இன்னொரு இசையமைப்பாளர் வந்து பாடிவிட்டுப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது.

'வேட்டையன்' படத்து 'மனசிலாயோ' பற்றித்தான் உன்னோடு சண்டை. அத்தை பேரன் கல்யாணத்தில் அதற்கு ஆடினாயாம், வீடியோ வந்தது. அனிருத் மெட்டில் குறை இல்லை. ஆனால் 2011-ல் போய்விட்ட மலேசியா வாசுதேவன் குரலைக் கம்ப்யூட்டரில் செய்து பாட வைக்க வேண்டுமா? அந்தப் பாட்டு வந்த அதே மாதம் 'லப்பர் பந்து' படத்தில் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' வந்தது, 'பொன்மனச் செல்வன்' படத்துக்காக 1989-ல் அவரே தொண்டை திறந்து பாடியது. தியேட்டரே எழுந்து ஆடியதாகக் கேள்வி. அந்தக் குரல் இருக்கும்போது செய்த குரல் எதற்கு?

இப்படிப் பேசுகிறவன் 'சின்ன சின்ன கண்கள்' பாட்டை மட்டும் எப்படிச் சேர்க்கிறாய் என்று கேட்பாய். அதுவும் அதே வித்தைதான். ஜனவரியில் பவதாரிணி இறந்தார். செப்டம்பரில் வந்த 'கோட்' படத்தில் விஜய்யோடு அவர் குரல். ஆனால் செய்தது யுவன், அவருடைய தம்பி. நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதான், தெரியும். இருந்தும் அதைக் கேட்கும்போது எனக்கு வாதம் வருவதில்லை அக்கா.

இவ்வளவு எழுதியபோது கீழ்வீட்டுத் தாத்தா கதவைத் தட்டினார். மாதா கோயில் குழுவில் டிராம்போன் வாசிப்பவர். கிறிஸ்துமஸ் வரை ஒவ்வொரு ஞாயிறும் வாசிப்பு, போகிற வழியில் பிஸ்கட் கொடுக்க வந்தார். பாக் என்ற பெரிய வித்வான் 1723-லிருந்து 1750-ல் சாகும் வரை இந்த ஊரில்தான் வேலை பார்த்தார், சமாதியும் இங்கேயே தேவாலயத்துக்குள். இவர்களுக்கு இது திருவையாறு. ஒரு நாள் என் போனில் நாதஸ்வரம் கேட்டுவிட்டு, இது என்ன வாத்தியம் என்று பிடித்துக்கொண்டார். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள், வாயில் வைத்து ஊதும் சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லி, படமும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சீவாளியை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்று வாங்கித் தர முடியுமா என்று இன்றும் கேட்டார். அத்தான் திருவாவடுதுறைப் பக்கம் போனால் ஒன்று வாங்கி வைக்கச் சொல். அவசரமில்லை.

முதல் இடம் 'மெய்யழகன்' படத்து 'போறேன் நா போறேன்'. கோவிந்த் வசந்தா இசை, கமல் பாடியது. படத்தைப் போனில் பார்த்தேன். கல்யாணத்துக்கு நீடாமங்கலம் போகிற கதை என்று தெரிந்தும் தனியாகப் பார்த்திருக்கக் கூடாது. அந்த ரயில்வே கேட்டை எத்தனை திட்டியிருப்போம்! பஸ்ஸில் புழுங்கிக்கொண்டு, அம்மா வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்க, நீ ஜன்னலோரம் தப்புத் தாளத்தில் பாடிக்கொண்டு, கேட் திறந்தும் முன் வண்டி நகராமல். இப்போது அந்தக் கேட்டில் ஒரு நாள் முழுக்க நின்றாலும் சம்மதம். பொங்கலுக்கு வர முடியாது, லீவு கிடைக்கவில்லை. பொங்கல் கழிந்த கையோடு 18-ஆம் தேதி தியாகராஜர் ஆராதனை. அம்மாவை நீயாவது திருவையாறு கூட்டிக்கொண்டு போ.

இனி வீட்டு விஷயம். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பாள், அதனால் இதில் எழுதுகிறேன். மேட்டூர் ஜூன் 12-க்குத் திறக்காமல் ஜூலை 28-க்குத் திறந்ததில் குறுவை போச்சு, நவம்பர் மழையில் சம்பாவும் மூழ்கியது என்று எழுதியிருக்கிறாய். இன்சூரன்ஸ் கட்டிய ரசீது, சிட்டா, அடங்கல் மூன்றையும் ஒரே பையில் வை. கணக்கெடுக்க வரும்போது சித்தப்பாவை நம்பாமல் அத்தானே வயலில் நிற்கட்டும். அப்பாவின் ஆம்ப்ளிஃபயரைக் கேட்டு வந்தவருக்குக் கொடுத்துவிடு. குழாய் இரண்டும் பரணிலேயே இருக்கட்டும், யார் கேட்டாலும் இல்லை என்று சொல். இந்த மாதப் பணம் ஜனவரி பத்தாம் தேதிக்குப் பிறகுதான் வரும், பேங்கில் ஏதோ தாமதம். அதற்குள் சொசைட்டியில் உன் வளையலுக்கு வட்டி கட்ட வேண்டியிருந்தால் அத்தானிடம் வாங்கிக் கட்டிவிடு, நான் சேர்த்து அனுப்புகிறேன். உன் லிஸ்டையும் அனுப்பு, அதில் 'மனசிலாயோ' எத்தனையாவது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
தம்பி