தலைவலி வந்தால் வாய் திறந்து சொல்

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள கண்ணு,

உன் ஆபீஸ் குழுவின் நேபாள மலை நடைக்கு நீ அனுப்பிய பயணத் திட்டத்தை வரி வரியாகப் படித்தேன். லுக்லாவில் விமானம் விட்டு இறங்கிய ஏழாம் நாளே எவரெஸ்ட் அடிவாரத்துப் பேஸ் கேம்ப் என்று போட்டிருக்கிறார்கள். நாம்சே பஜாரில் ஒரு நாள் தங்கல் இருக்கிறது, அதற்கு மேலே இருக்கும் திங்போச்சேயில் இல்லை. மீதிப் பணம் கட்டுவதற்கு முன்னால் திங்போச்சேயில் இன்னொரு ராத்திரி கேட்டு வாங்கு. நீ ஒருத்தி கேட்டால் தட்டிக் கழிப்பார்கள், பன்னிரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள்.

கணக்கைப் பார். லுக்லா 2,860 மீட்டர். முதல் நாள் கீழே இறங்கி பாக்டிங், 2,610. மறுநாள் நாம்சே, 3,440. அப்புறம் தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410, லொபூச்சே 4,940, கோரக் ஷெப் 5,164, பேஸ் கேம்ப் 5,364. மூவாயிரம் மீட்டர் தாண்டிவிட்டால், தூங்குகிற இடத்தின் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் வகுத்த விதி. தெங்போச்சேயிலிருந்து திங்போச்சே 550 மீட்டர், அங்கிருந்து லொபூச்சே 530. அடுத்தடுத்த இரண்டு நாளும் வரம்பு மீறுகிறது. நடுவில் ஒரு நாள் நிற்காமல் போனால், லொபூச்சேயில் பாதிப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தங்குகிற நாள் என்றால் படுத்துக் கிடக்கிற நாள் இல்லை. நாம்சேயில் தங்கும்போது 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஓட்டல் வரை ஏறி ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி வாருங்கள். திங்போச்சேயில் நாகார்ஜுன் மேட்டில் முடிந்த மட்டும் ஏறி இறங்குங்கள். உயரத்தைத் தொட்டுவிட்டுக் கீழே வந்து தூங்கினால் உடம்பு சீக்கிரம் பழகும்.

காற்றில் ஆக்சிஜன் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. காசிமேட்டுக் கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிக்குச் சற்று மேல்தான் பேஸ் கேம்ப்பில் கிடைக்கும். அதை ஈடுகட்ட உடம்பு வேக வேகமாக மூச்சு வாங்கும். அப்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிடும். சிறுநீரகம் அந்தக் காரத்தைக் கழித்துச் சரிக்கட்ட இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அது முடியாத ராத்திரிகளில், தூக்கத்தில் மூச்சு ஏறி, இறங்கி, சில விநாடி நின்று, மறுபடி இழுக்கும். திடுக்கிட்டு எழுந்திருப்பாய். தலைவலியோ மூச்சுத்திணறலோ கூட இல்லாதவரை இது மட்டும் ஆபத்தில்லை, பயப்படாதே. தூக்க மாத்திரை போடாதே, மூச்சை இன்னும் மந்தமாக்கும். குடியும் அப்படித்தான். நாம்சேயில் உன் ஆபீஸ் பிள்ளைகள் பாட்டிலைத் திறந்தால், திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம் என்று சொல்.

உயர நோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை அந்தக் காரத்தைக் கழிக்கும் வேலையைத்தான் துரிதப்படுத்துகிறது. வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாளே ஆரம்பிக்க வேண்டும். நம் ஊரில் 250 மாத்திரைதான் கிடைக்கும், பாதியாக உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் குழுவில் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நீயும் டாக்டரைப் பார்த்துவிட்டு, ஐதராபாத்திலேயே இரண்டு நாள் போட்டுப் பார். விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். இதெல்லாம் மருந்தின் குணம். வீட்டிலேயே தெரிந்துகொண்டால் மலையில் நோய் என்று மிரள மாட்டாய்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். தனியாகப் போகிறவர்களைவிட, தேதி போட்டுக் குழுவாகப் போகிறவர்கள்தான், உடம்பு உயரத்துக்குப் பழகாமல் வரும் உயர நோயை முற்றவிடுகிறார்கள் என்று நேபாளத்தில் வேலை செய்த மருத்துவர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறார்கள். காரணம் உனக்கே புரியும். தனி ஆளுக்குத் தலை வலித்தால் இன்னொரு நாள் தங்கிவிடுவான். குழுவில் இருப்பவனுக்கு, தன்னால் பதினோரு பேருக்குத் தாமதமாகிவிடுமே என்று கூச்சம். மேனேஜர் பக்கத்தில் நடக்கிறார் என்ற கூச்சம் வேறு. ரகசியமாக ஒரு குரோசினைப் போட்டுக்கொண்டு நடப்பான். கண்ணு, நீ அப்படிச் செய்யவே கூடாது. தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசாதாரணக் களைப்பு, தலைச்சுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலே உயர நோய் என்று வைத்துக்கொள். வெயில், சளி, சாப்பாடு சேரவில்லை என்று சாக்குத் தேடாதே. உடனே கைடிடம் சொல். அன்றைக்கு அதே உயரத்தில் தங்கு, ஒரு மீட்டர்கூட ஏறாதே. மறுநாள் தெளிந்தால் ஏறு. மோசமானால் இறங்கு.

மோசமாவது இரண்டு விதம். மூளையில் நீர் கோர்த்தால் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், எரிந்து விழுவார்கள் அல்லது ஒதுங்கிப் படுப்பார்கள். தரையில் கோடு கிழித்து, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி நடக்கச் சொல். தடுமாறினால் அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. நுரையீரலில் நீர் கோர்த்தால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, உதடு நீலம் பாரிக்கும், கடைசியில் இளஞ்சிவப்பு நுரையாகக் கோழை வரும். சில பேருக்குத் தலைவலியே இல்லாமல் இது வரும் என்பதால்தான் ஏமாந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் மருந்து இறங்குவதுதான். ஆக்சிஜனும் டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் மாத்திரைகளும் இறங்கும் வரை தாங்கிப் பிடிப்பதற்கு. நடு ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. திங்போச்சேக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில், பெரிச்சேயில், 1973 முதல் சீசன் மாதங்களில் நடக்கும் மருத்துவ நிலையம் இருக்கிறது. மதியம் அங்கே உயர நோய் பற்றி வகுப்பு எடுப்பார்கள். நீங்கள் தங்குகிற கூடுதல் நாளில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

இறங்குகிறவரைத் தனியாக அனுப்பக் கூடாது. ஒரு கைடு மட்டும் இருந்தால், ஒருவர் இறங்கும்போது மீதிப் பேர் கைடு இல்லாமல் நிற்பீர்கள், அல்லது நோயாளியை லாட்ஜில் விட்டுவிட்டு மேலே போவீர்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, உயிர் போவதும் அங்கேதான். பன்னிரண்டு பேருக்குத் தலைமைக் கைடோடு குறைந்தது இரண்டு உதவி கைடுகள் வேண்டும். எத்தனை பேர் என்று எழுத்தில் வாங்கு.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை யாராவது கொண்டுவருவார்கள். ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் மார்க் போடுவது மாதிரி எண்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். கோரக் ஷெப்பில் நன்றாக இருப்பவருக்கே எண்பதுக்குக் கீழே காட்டலாம், குளிர்ந்த விரலில் கருவி தப்பாகவும் காட்டும். நடையையும் பசியையும் பார்த்தால் அதைவிட நன்றாகத் தெரியும்.

பயிற்சிக்கு நம் ஊர் சமதளம் உதவாது. தீபாவளிக்கு முன்னால் இங்கே வரும்போது இரண்டு வாரக் கடைசியாவது மாதவரத்தில் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போ. அலிபிரியில் 3,550 படி இருக்கிறது. முதுகில் ஆறு கிலோ பையோடு ஏறு. எல்லோரும் ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்கிவிடுகிறார்கள், நீ நடந்தே இறங்கு. தொடையின் முன்தசை இறங்கும்போதுதான் அடி வாங்குகிறது, அதைப் பழக்காதவர்களுக்குத்தான் பேஸ் கேம்ப்பிலிருந்து திரும்பும்போது முட்டி போகிறது. படி ஏறினால் கால் பழகும், உயரம் பழகாது. நன்றாக ஓடுகிறவர்களும் உயர நோயில் விழுவார்கள், வேகமாக ஏறிவிடுவதால்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்கு, பாதம் அப்போதுதான் வீங்கியிருக்கும். கனமான சாக்ஸ் போட்டுப் பார், முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுத்துவிடும். அண்ணனின் பழைய ஷூ அலமாரியில் புதிதுபோல் இருக்கிறது, அதை எடுக்காதே. கடலோரப் புழுக்கத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த ஷூவில், அடிப்பாகத்து நுரை ஈரம் குடித்து மக்கிப்போயிருக்கும். பார்வைக்குத் தெரியாது, மூன்றாம் நாள் ஷூவின் அடிப்பாகம் அப்படியே கழன்று வரும். அதற்காகவே ஊன்றுகோலில் இரண்டு மீட்டர் டக்ட் டேப்பைச் சுற்றி வை, குழுவில் யாருக்காவது கட்டாயம் தேவைப்படும்.

தெர்மல், மழைக்கோட்டு, கையுறை போதும், பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றவுடன் குளிர் பிடிக்கும். டவுன் ஜாக்கெட்டும் மைனஸ் பத்துக்குத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக்கும் காத்மாண்டுவில் தமேல் கடைவீதியில் வாடகைக்குக் கிடைக்கும். லுக்லா விமானத்தில் கைப்பையோடு சேர்த்து வழக்கமாக 15 கிலோதான். அந்த எடையிலேயே பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய் கட்டித் தருகிறேன். மேலே போனால் பசி அற்றுவிடும், புளிப்பு இருந்தால்தான் சோறு இறங்கும். லாட்ஜில் தால் பாத் கேள், சோறும் பருப்பும் மறுபடி போடுவார்கள். நாம்சேக்கு மேல் கறி வேண்டாம். அங்கே உயிர் வெட்டுவதில்லை, கீழிருந்து நாட்கணக்கில் சுமந்து வந்த இறைச்சிதான் தட்டுக்கு வரும்.

தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். குளோரின் மாத்திரை போட்டால் குளிர்ந்த நீரில் அரை மணி போதாது, ஒரு மணி விடு. ஃபில்டர் கொண்டுபோனால் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வை. ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே இழை வெடித்துவிடும், வெளியே தெரியாது, கிருமி உள்ளே வரும். போன் பேட்டரிக்கும் அதே இடம்.

நாப்கின் சென்னையிலிருந்தே எடுத்துப் போ, தேதி தள்ளி இருந்தாலும் எடு, அலைச்சலில் முன்னே பின்னே ஆகும். பயன்படுத்தியதைக் கழிவறையில் போடாமல் ஜிப் கவரில் கட்டிக் கீழே கொண்டுவா. ராத்திரி வெளிக் கழிவறைக்கு ஹெட்லாம்ப் இல்லாமல் போகாதே, வாசலில் சிந்திய தண்ணீர் ஐஸாகி வழுக்கும்.

வழியில் யாக் என்ற சடை மாடும், யாக்குக்கும் நாட்டு மாட்டுக்கும் பிறந்த சோப்கியோவும் மூட்டையோடு வரும். மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கு, பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதே. மூட்டை இடித்தே தள்ளிவிடும். தொங்கு பாலத்தில் மறுபக்கம் மணிச் சத்தம் கேட்டால் நீ ஏறாதே, அவை கடந்த பிறகு போ. மந்திரம் செதுக்கிய கல் சுவர்கள் உன் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றிப் போ.

பேஸ் கேம்ப்பில் எவரெஸ்ட் உச்சி தெரியாது, முன்மலை மறைக்கும். உச்சி தெரிவது கோரக் ஷெப்புக்கு மேலே இருக்கும் காலா பத்தர் மேட்டில், 5,545 மீட்டரில். விடியலில் ஏறினால் சூரியன் உச்சிக்குப் பின்னாலிருந்து வரும், குளிரும் கொல்லும். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால் அதை விட்டுவிடு, எனக்கு அந்தப் படம் வேண்டாம்.

திரும்பும் வழியை யாரும் யோசிப்பதே இல்லை. காரியம் முடிந்தது என்று ஆளாளுக்கு வேகம் பிடிப்பார்கள், குழு மூன்று துண்டாகும். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு உதவி கைடு வர வேண்டும், ஒவ்வொரு பாலத்திலும் தலை எண்ணுங்கள். ஊன்றுகோலை ஐந்து பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள், சின்னச் சின்ன அடி வை, ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டு. முழுக்க இறக்கம் என்றும் எண்ணாதே. தெங்போச்சேயிலிருந்து ஆற்றுக்கு இறங்கி எதிர்ச்சரிவில் மறுபடி ஏற வேண்டும், கடைசி நாள் பாக்டிங்கிலிருந்து லுக்லாவும் ஏற்றம்தான்.

லுக்லா ஓடுபாதை 527 மீட்டர், சரிவில் இருக்கிறது, மதியம் மேகமும் காற்றும் வந்தால் விமானம் இல்லை. இரண்டு நாள் உபரி வைக்காமல் ஊருக்கு டிக்கெட் போடாதே. சீசனில் பெரும்பாலும் ராமேச்சாப்பிலிருந்துதான் விமானம், காத்மாண்டுவிலிருந்து நடு ராத்திரி வண்டி ஏறி நாலைந்து மணி நேரம் போக வேண்டும். ஆதாரை மட்டும் நம்பாதே, பாஸ்போர்ட் எடுத்துக்கொள். காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை மலை நடையும் ஹெலிகாப்டர் மீட்பும் சேருமா என்று பாலிசியிலேயே படித்துப் பார், சில பாலிசி 4,000 மீட்டரோடு நின்றுவிடும். போர்ட்டர்களுக்கும் காப்பீடு உண்டா, ஒருவருக்கு எத்தனை கிலோ என்று கேள். உங்கள் பன்னிரண்டு பையையும் தூக்குபவர்கள் அவர்கள். இருபது கிலோவுக்கு மேல் ஏற்ற விடாதே, அன்பளிப்பை அவரவர் கையில் கொடு.

திருத்திய திட்டமும், உதவி கைடு எத்தனை பேர் என்ற பதிலும் வந்ததும் எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு பணம் கட்டு.

அன்புடன்,
அம்மா